வரி குறைந்தது, எட்டுமா ரீஸ்லிங்?

ஒயின் என்றாலே இனிப்பு என எண்ணுவோரை முதல் மிடறிலேயே திகைக்க வைப்பது 'டிரை' ரீஸ்லிங். ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் தோன்றிய இந்த வெள்ளைத் திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துவிட, எலுமிச்சையை நினைவூட்டும் கூரிய புளிப்பே மேலோங்கும். பச்சை ஆப்பிளின் மணமும் மலர் மணமும் உண்டு. மிகையாகக் குளிரூட்டினால் அவை அடங்கிவிடும். ஆண்டுகள் செல்ல, மெல்லிய மண்ணெண்ணெய் வாடை எழும். அது முதிர்ச்சியின் அடையாளம் என்பர் ரசிகர்கள்; நியாயவிலைக் கடை வரிசையில் நின்றவர்கள் இதை நம்புவது சற்றுக் கடினம்தான்.

இந்தச் சுவை இந்தியாவில் யாருக்குக் கிட்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வரியே. ஒயினுக்கான அடிப்படைச் சுங்கவரி 2007-ல் 150 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய உடன்பாடு, குறைந்தது 5 டாலர் இறக்குமதி விலையுள்ள புட்டிக்கு அதனை 100 சதவீதமாகவும், 15 டாலர் புட்டிக்கு 75 சதவீதமாகவும் குறைத்தது. பத்தாண்டுகளில் இவை முறையே 50, 25 சதவீதமாக வேண்டும். டிரை ரீஸ்லிங்குக்குப் பெயர்பெற்ற கிளேர் பள்ளத்தாக்கு ஆஸ்திரேலியாவில்தான் உள்ளது.

ஆனால், மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஜிஎஸ்டி வரம்புக்கும் வெளியே நிற்கிறது. மத்திய அரசு விட்டுக்கொடுத்ததை மாநிலங்கள் கலால் வரியாக வசூலிக்கத் தடையில்லை. நாசிக் திராட்சை விவசாயிகளுக்கோ அந்த 5 டாலர் வரம்பே அரண். அதற்குக் கீழான புட்டிகளுக்குச் சலுகை கிடையாது.