முதலாளியின் வழக்கறிஞர் கேட்கும் நான்கு கேள்விகள்

பினாங்குப் படகுத்துறையில் இறங்கி ஜார்ஜ் டவுன் நகருக்குள் நடப்போர், லெபோ பந்தாயிலும் அதனை அடுத்த வீதிகளிலும் வழக்கறிஞர்களின் பெயர்ப் பலகைகள் பலவற்றைக் காண்பர். அவ்வழக்கறிஞர்களுள் சிலர் தொழிற்சட்டத்தில் தேர்ச்சி பெற்று, முதலாளிமார்க்கு அறிவுரை கூறுவதையே தம் பணியாகக் கொண்டவர்கள். செபராங் பிறையிலோ கெடாவிலோ உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில் ஒரு தொழிலாளி வேலைநீக்கம் செய்யப்படும்போது, அதற்குரிய கடிதத்தை எழுதும் முன்னரே நிர்வாகம் இத்தகைய வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசியிருக்கக்கூடும்.

"துரைக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு யார் இருக்கிறார்?" என்று மனந்தளர்ந்து, சாமான்களைக் கட்டிக்கொண்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு. அவ்வாறு தளர வேண்டுவதில்லை. வழக்கறிஞர் சட்டத்தை ஆக்குபவர் அல்லர். இருக்கும் சட்டத்தை எடுத்துரைப்பவரே. அச்சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொதுவானது. திறமையுள்ள வழக்கறிஞர் தம்மிடம் வரும் முதலாளியை நோக்கி முதலில் சில கேள்விகளைக் கேட்பார். அக்கேள்விகளை நாமும் அறிந்திருத்தல் நமக்குப் பெரும் பாதுகாப்பாகும்.

முதற் கேள்வி: "வேலைநீக்கத்திற்குக் காரணம் என்ன?"

1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி மீண்டும் வேலை கோரி முறையிடலாம் என்கிறது. ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி முதலாளி தப்பிவிட முடியாது. 1981-ஆம் ஆண்டில் ஜே அண்ட் பி கோட்ஸ் நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், அன்று மலாயாவின் தலைமை நீதிபதியாக விளங்கிய ராஜா அஸ்லான் ஷா அவர்கள் வழங்கிய கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு இதனைத் தெளிவுபடுத்திற்று. முதலாளி ஒரு காரணத்தைக் கூறியிருப்பின், அக்காரணம் மெய்தானா என்பதையே தொழில் நீதிமன்றம் ஆராயும். அவர் கூறாத வேறொரு காரணத்தை நீதிமன்றம் தானே தேடி எடுத்துக்கொள்ளாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் விடுமுறை பெறாமல் வேலைக்கு வராதிருந்தார் என்று நிர்வாகத்தின் கடிதம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். பின்னர் நீதிமன்றத்திற்கு வந்து, "அவர் ஒட்டுப்பாலைத் திருடி விற்றார்; அதனால்தான் நீக்கினோம்" என்று நிர்வாகம் பேச்சை மாற்றினால் அது நில்லாது. ஆகவே கடிதத்தில் உள்ள சொற்களே வழக்கின் அடித்தளம். அக்கடிதத்தைச் சினத்தால் கிழித்தெறிதல் பெருந்தவறு.

இரண்டாம் கேள்வி: "அவருக்கு விளக்கம் கூற வாய்ப்பளித்தீர்களா?"

தவறிழைத்தார் என்று ஒருவரைத் தண்டிக்கும் முன்னர் உரிய விசாரணை நடத்த வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு விதிக்கிறது. விசாரணைக்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது இரண்டு வாரங்களுக்கு மேற்படக்கூடாது. அக்காலத்தில் பாதிச் சம்பளத்திற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். தவறு இல்லையெனக் கண்டால், பிடித்து வைத்த சம்பளம் முழுவதையும் திருப்பித் தருதல் கடமையாகும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுவோம். விசாரணை நடைபெறவில்லை என்பதனால் மட்டுமே தொழிலாளி வென்றுவிடுவதில்லை. அக்குறையைத் தொழில் நீதிமன்றத்தின் புதிய விசாரணை ஈடு செய்யும் என்று 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே தோட்ட அலுவலகத்தில் விசாரணைக்கு அழைத்தால் செல்ல மறுத்தல் ஆகாது. சென்று, நம் பக்கத்து உண்மையைக் கூறி, சாட்சி இருந்தால் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். படித்து விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடலாகாது.

மூன்றாம் கேள்வி: "மெய்ப்பிக்க முடியுமா? தண்டனை தவற்றுக்கு ஏற்றதா?"

வேலைநீக்கம் நியாயமானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியினுடையது. ஆயினும் குற்றவியல் வழக்கில் வேண்டப்படும் அளவு உறுதியான சான்று இங்குத் தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்பதில் எப்பக்கம் தராசு தாழ்கிறது என்று பார்த்தாலே போதும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் கூறியுள்ளது. திருட்டுக் குற்றச்சாட்டிற்கும் இதுவே அளவுகோல். போலீசார் வழக்குத் தொடரவில்லை என்பதனால் வேலை தப்பிவிடும் என்று எண்ணியிருத்தல் கூடாது. அதேபோது, நெடுங்காலம் நேர்மையாக உழைத்தவரைச் சிறு பிழைக்காக நீக்குவது தகுமா என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்கும். இதனை நன்கறிந்த வழக்கறிஞர், "எச்சரிக்கைக் கடிதம் போதுமே" என்று முதலாளியின் சினத்தைத் தணிப்பதும் உண்டு.

நான்காம் கேள்வி: "எத்தனை நாள் கடந்தது?"

நான்கனுள் மிக முக்கியமானது இதுவே. வேலைநீக்கம் நிகழ்ந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையீடு சேர வேண்டும். முன்னறிவிப்புடன் நீக்கப்பட்டவர், அந்த அறிவிப்புக் காலத்திலேயும் முறையிடலாம். 60 நாள் கடந்தபின் எத்துணை நியாயம் இருப்பினும் அவ்வழி அடைபட்டுவிடும். நிர்வாகத்திற்கு மேன்முறையீடு எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்தாலும் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாளியின் வழக்கறிஞர் நாட்காட்டியைப் பார்ப்பார். நாமும் பார்க்க வேண்டும்.

முறையீடு செய்வதற்குக் கட்டணம் இல்லை. முதலில் இலாகா அதிகாரி இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசுவார். அங்கே எத்தரப்பிற்காகவும் வழக்கறிஞர் தோன்றிப் பேசச் சட்டம் இடந்தரவில்லை. தொழிலாளிக்காக அவருடைய சங்கம் பேசலாம். 1954-இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் இப்பணியில் நீண்ட பழக்கமுடையது. சமரசம் கூடாவிடில் வழக்கு தொழில் நீதிமன்றத்திற்குச் செல்லும். 2021-ஆம் ஆண்டு முதல், இதற்கு அமைச்சரின் முடிவை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை.

தொழில் நீதிமன்றம் பினாங்கிலும் அமர்கிறது. அங்கு, தலைவரின் அனுமதியுடன் வழக்கறிஞர் வாதாடலாம். தொழிலாளியின் சங்கமும் பேசலாம். சட்ட நுணுக்கங்களையும் வடிவங்களையும் பெரிதாகக் கொள்ளாமல், நீதியும் நல்ல மனச்சான்றும் காட்டும் வழியில் முடிவு செய்ய வேண்டும் என்பதே அந்நீதிமன்றத்திற்குச் சட்டம் இட்ட கட்டளை. தொழிலாளி வென்றால் மீண்டும் வேலையோ, அதற்கு ஈடான தொகையோ கிட்டும். அத்துடன் இழந்த சம்பளமும், நிரந்தர வேலையில் இருந்தவருக்கு 24 மாதங்களுக்கு மேற்படாமல், வழங்கப்படலாம்.

ஆகவே நண்பர்களே, வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்தால் அது வந்த தேதியை உறையின்மேல் அன்றே எழுதிவையுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், எச்சரிக்கைக் கடிதங்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி, அந்த வாரத்திற்குள்ளேயே சங்கத்திற்கோ தொழில் உறவு இலாகாவிற்கோ செல்லுங்கள். சம்பளப் பாக்கி மட்டுமே தகராறு எனில் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள். முதலாளிக்கு வழக்கறிஞர் இருப்பது அவருடைய உரிமை. காலத்தை நழுவவிடாமல் நம் தாள்களைக் காத்து வைத்திருப்பது நம்முடைய கடமை.