புகை எங்கே போகிறது?

புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் சமையலறையைப் பற்றி எவ்வளவு நேரம் வாதாடுகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? மேடைக்கு என்ன கல், அலமாரிக் கதவுக்கு என்ன நிறம், குளிர்பதனப் பெட்டி இடப்பக்கமா வலப்பக்கமா என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். அடுப்புக்கு மேலே தொங்கப்போகும் ‘குக்கர் ஹூட்’ மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். “அடுப்போடு சேர்த்து எடுத்தால் விலைக்கழிவு உண்டு” என்பார் விற்பனையாளர். அதோடு சரி.

ஆனால் நம் வீடுகளில் சமைக்கும் விதத்தைப் பார்த்தால், முதலில் யோசிக்க வேண்டியதே அந்தப் புகைபோக்கியைப் பற்றித்தான். காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுக்கிறோம். கொதிக்கும் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளிக்கிறோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி சொல்லிக்கொடுத்தபடி பெலாச்சானையும் சுடுகிறோம். இவை ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளும் ‘பிஎம் 2.5’ எனப்படும் மிக நுண்ணிய துகள்களும் காற்றில் கலக்கின்றன. புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீட்டைக் கைப்பேசியில் மணிக்கொரு முறை பார்க்கும் நாம், சொந்தச் சமையலறைக்குள் எழும் புகையைக் கண்டுகொள்வதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை, உயர் வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை ‘2ஏ’ பிரிவில் சேர்த்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் பிரிவு அது. பயந்து சமையலையே நிறுத்திவிட வேண்டியதில்லை. அந்தப் பிரிவு, கிடைத்திருக்கும் சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அன்று. ஆனாலும் புகையை வெளியேற்றுவது வெறும் சுத்தம் சார்ந்த விஷயம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவருடைய நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

எங்கள் வீட்டில் அவர் பாட்டி. அவருக்கு ஆஸ்துமா உண்டு.

நாங்கள் புதிய பிடிஓ வீட்டுக்குக் குடிவந்து ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆனபோது, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிக் கதவின் விளிம்பில் பழுப்பு நிறக் கோடுகள் வழிய ஆரம்பித்தன. தொட்டால் பிசுபிசுத்தது. ஹூட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளை அதன் அடியில் பிடித்தால் ‘சட்’டென்று ஒட்டிக்கொள்ளும். “இழுக்குதே, அப்புறம் என்ன?” என்றார் அப்பா. பாட்டியோ மிளகாய் வறுக்கும் நாள்களில் அம்மாவிடம் சட்டியைக் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாய்ம இயக்கவியல் பாடம். குழாய்க்குள் காற்று எப்படிப் போகிறது என்று வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, ஒரு சனிக்கிழமை நாற்காலிமேல் ஏறி அந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். வெள்ளி நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு குழாய் ஹூட்டிலிருந்து மேலே வந்து, இரண்டு முறை வளைந்து, அலமாரிக்குள்ளேயே முடிந்திருந்தது. அதன் வாய் எந்த ஓட்டையோடும் சேரவில்லை. ஆறு மாதப் புகையும் எண்ணெயும் அந்த மரப்பெட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. அது நிரம்பியதும் கதவிடுக்கு வழியாகப் பாட்டி நிற்கும் இடத்துக்கே திரும்பி வந்தது.

அலமாரியைச் செய்தவரும் ஹூட்டை விற்றவரும் வேறு வேறு ஆள்கள். “குழாயை வெளியே விடுறது அவங்க வேலை” என்று இருவரும் மற்றவரைக் கை காட்டினார்கள். பிறகு நாங்கள் அழைத்த தொழில்நுட்பர் எட்டிப் பார்த்துவிட்டு, “காத்து வெளியே போக வழியே இல்லையேம்மா” என்று சிரித்தார். இது அவர் அடிக்கடி பார்க்கும் காட்சியாம்.

ஹூட் இழுக்கிறதா என்பதை டிஷ்யூத் தாள் சொல்லிவிடும். இழுத்த காற்று எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. அந்த இரண்டாவது கேள்வியை வாங்கும்போதே கேட்க வேண்டும்.

ஹூட்டில் அடிப்படையில் இரண்டு வகைதான். ஒன்று, குழாய் வழியாகப் புகையை வீட்டுக்கு வெளியே தள்ளுவது. மற்றொன்று, எண்ணெயை உலோக வடிகட்டியிலும் வாடையைக் கரி வடிகட்டியிலும் பிடித்துவிட்டு, அதே காற்றை மறுபடியும் சமையலறைக்குள் விடுவது. முதலாவதே நல்லது. கரி வடிகட்டி வாடையை ஓரளவு குறைக்கும். ஆனால் வெப்பத்தையும் நீராவியையும் அது அகற்றாது. எரிவாயு அடுப்பின் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் தடுக்காது. அந்த வகை ஹூட் உள்ள வீட்டில் சமைக்கும்போது சன்னல் திறந்திருக்கத்தான் வேண்டும்.

வீவக வீட்டில் முதல் வகையைப் பொருத்துவது எப்போதும் எளிதன்று. தூண், உத்தரம், பாரம் தாங்கும் சுவர் ஆகியவற்றில் கை வைக்கக்கூடாது. வெளிச்சுவரில் குழாய்க்கு ஓட்டை போடலாமா என்பதை வேலை தொடங்குவதற்குமுன் வீவகவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். “நாங்க எல்லா வீட்லயும் இப்படித்தான் போடுறோம்” என்று யாராவது சொல்வதை நம்பி இறங்கக்கூடாது. புதுப்பிப்புப் பணியை வீவகவின் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரரிடமே கொடுக்க வேண்டும். குழாய் துணி காயப்போடும் பகுதி வழியாகப் போகிறது என்றால், எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சட்டையெல்லாம் மீன் குழம்பு மணக்கும்.

குழாயைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஹூட்டின் வாய் 150 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இடம் போதவில்லை என்று 100 மில்லிமீட்டர் குழாயைச் செருகினால், ‘மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் குறுக்குப்பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மிஞ்சுவது ஒன்பதில் நான்கு பங்கு, பாதிகூட இல்லை. இயந்திரம் இரைச்சல் போடும், புகை தேங்கும். ஒவ்வொரு வளைவும் இன்னும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். மடிப்புள்ள குழாயைவிட வழவழப்பான குழாய் நல்லது. மடிப்புக் குழாய்தான் என்றால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வில்தான் எண்ணெய் குளம்போலத் தேங்கும்.

கடையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ‘மணிக்கு இத்தனை கனமீட்டர்’ என்ற எண்ணில் மயங்க வேண்டாம். சமையலறைக் காற்று மணிக்குப் பத்து முறை மாறினால் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரமுள்ள அறைக்கு அது 195 கனமீட்டர். வரவேற்பறையோடு சேர்ந்த திறந்த சமையலறைக்குக் கூடுதலாக வேண்டும். இருந்தாலும் நல்ல குழாயுள்ள நடுத்தர ஹூட், மோசமான குழாயுள்ள பெரிய ஹூட்டைவிட மேல்.

உயரம் அடுத்தது. எரிவாயு அடுப்புக்கும் ஹூட்டுக்கும் இடையே பொதுவாகக் குறைந்தது 65 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு அதைவிட அதிகம் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். தாழ்ந்தால் வடிகட்டியில் படிந்த எண்ணெய்க்குத் தீ நெருங்கிவிடும். மிக உயர்ந்தால் புகை பக்கவாட்டில் நழுவிவிடும். அம்மாவின் தலையில் இடிக்கிறது என்பதற்காக ஹூட்டை இஷ்டத்துக்கு ஏற்றுவதைவிட, தலையில் இடிக்காத வடிவத்தைத் தேடுவது புத்திசாலித்தனம்.

சுவரில் துளையிடுவதற்குமுன் உள்ளே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கனமான ஹூட்டைத் தாங்க, கான்கிரீட் சுவருக்கு ஒரு வகை ஆணியும் உள்ளீடற்ற தடுப்புச் சுவருக்கு வேறு வகையும் தேவை. மின்சாரத்துக்குத் தனி மின்செருகுவாய் இருக்கட்டும். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 200 வாட் மோட்டார் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும் என்பது உண்மை. அதற்காக, அவனும் மின்சாரச் சட்டியும் செருகியிருக்கும் நீட்டிப்புக் கம்பியில் இதையும் மாட்டி அலமாரிக்குள் ஒளித்து வைக்கக்கூடாது. எண்ணெயும் சூடும் சேரும் இடம் அது. புதிய மின்செருகுவாய் வேண்டுமென்றால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். மாமா, சித்தப்பா யாருக்காவது “கொஞ்சம் வயரிங் தெரியும்” என்பது போதாது.

சமையலறையில் எரிவாயுத் தண்ணீர்ச் சூடேற்றி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் புகைக்குழாயையும் ஹூட்டின் குழாயையும் ஒருபோதும் இணைக்கக்கூடாது. சன்னல் கதவெல்லாம் அடைத்துவிட்டு வலுவான ஹூட்டை ஓடவிட்டால், உள்ளே காற்றழுத்தம் குறைந்து, சூடேற்றியின் புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வரும்.

இனி பராமரிப்பு. எங்கள் வீட்டில் இது தம்பிக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம்: மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு முறை. அதிகம் பொரிக்கும் வீட்டில் உலோக வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். சமையல் எண்ணெயின் மூலக்கூறுகள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நாளாக ஆகக் கோந்துபோல் இறுகிவிடும். இரண்டு வாரப் பிசுக்கு வெந்நீரிலும் பாத்திரச் சவர்க்காரத்திலும் இருபது நிமிடம் ஊறினால் போகும். ஆறு மாதப் பிசுக்குக்குக் கத்தி வேண்டும்.

பிசுக்கைக் கரைக்கக் ‘காஸ்டிக் சோடா’ கலந்த திரவம் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வடிகட்டி அலுமினியத்தால் ஆனது என்றால் வேண்டவே வேண்டாம். உயர்நிலைப்பள்ளி வேதியியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். குளோரின் கலந்த வெளுப்பு நீரோடு வினிகரையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ கலப்பதும் ஆபத்து; நச்சு வாயு வரும்.

கழற்றுவதற்குமுன் சுவிட்சை அணைத்துச் செருகியையும் பிடுங்கிவிடுங்கள். வடிகட்டி நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கரி வடிகட்டியைக் கழுவிப் பயனில்லை. பெரும்பாலானவற்றை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் விசிறியும் மோட்டாரும் தொழில்நுட்பரின் வேலை. கூர்மையான தகடுகளுக்குள் கையை விட்டுத் துடைப்பதில் எந்த வீரமும் இல்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், பிசுக்கு எரியும். கவனிப்பாரின்றி அடுப்பில் விடப்படும் சமையல், இங்கு வீடுகளில் தீ மூள்வதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று எனச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து சொல்லிவருகிறது. சட்டியில் பிடித்த தீ, எண்ணெய் ஊறிய வடிகட்டியைத் தொட்டால் குழாய்க்குள் ஏறிவிடும். அப்படித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அருகில் போவது பாதுகாப்பாக இருந்தால் அடுப்பையும் ஹூட்டையும் அணைத்துவிட்டு, சட்டியை மூடியால் மூடுங்கள். முடியாவிட்டால் அனைவரும் வெளியேறி 995ஐ அழையுங்கள்.

எங்கள் வீட்டு ஹூட்டுக்கு வந்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பின் பின்னால் இருப்பது பாரம் தாங்கும் சுவர் என்பதால் குழாயை வெளியே விட வழி கிடைக்கவில்லை. அலமாரிக்குள் கிடந்த குழாயை எடுத்துவிட்டு, கரி வடிகட்டி பொருத்தி, வடிகட்டிய காற்று சன்னல் பக்கமாக வெளிவரும்படி மாற்றினோம். எண்ணெய் ஊறிய அலமாரிப் பலகையையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவை யாரும் ஏற்கவில்லை.

அதோடு சில பழக்கங்களும் மாறின. அடுப்பை மூட்டுவதற்குச் சில நிமிடம் முன்பே ஹூட் ஓடத் தொடங்குகிறது. சமைத்து முடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் நிற்கிறது. தாளிப்பும் வறுவலும் பின்பக்க அடுப்புக்குப் போய்விட்டன. முன்பக்க அடுப்பின் புகை ஹூட்டுக்கு எட்டாமல் நம் முகத்துக்குத்தான் வரும். பாட்டிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பின்னடுப்பு கைக்கு எட்டவில்லை என்கிறார். அதனால் மிளகாய் வறுப்பது இப்போது தம்பியின் வேலை. சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “கருக விடாதே” என்று சொல்வது பாட்டியின் வேலை.

வாடகை அறையில் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுச் சமையலறையின் ஹூட்டைக் கழுவுவது யாருடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே வடிகட்டியை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். மேல் அலமாரியையும் திறந்து பாருங்கள்.