22 கே.பி.யில் 2,048 உலகங்கள்!
கல்லூரி மாணவர்கள் 2 பேர் உருவாக்கிய "எலைட்" வீடியோ கேமின் கதை

"இது விற்காது" என்று ஒரு பெரிய கம்பெனி கையை விரித்த வீடியோ கேம் அது. 40 ஆண்டுகள் தாண்டியும் அதன் பெயர் சொல்லப்படுகிறது.

அதைச் செய்தவர்கள் கோட்டு சூட்டு போட்ட விஞ்ஞானிகள் அல்ல. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அதுவும் 2 பேர்தான்!

கேமின் பெயர் "எலைட்". வெளிவந்தது 1984-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி. இடம் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரம்.

யார் இவர்கள்?

ஒருவர் பெயர் இயான் பெல். கணக்கு மாணவர். இன்னொருவர் டேவிட் பிராபென். இயற்கை விஞ்ஞானம் படித்தவர். இருவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜீசஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்.

கேம் கடைக்கு வந்தபோது பெல்லுக்கு வயது 21. பிராபெனுக்கு 20.

பெல் அதற்கு முன்பே "ஃபிரீஃபால்" என்று ஒரு கேம் எழுதி விற்பனைக்கு விட்டவர். பிராபென் தன்னிடம் இருந்த சின்ன "அக்கார்ன் ஆட்டம்" கம்ப்யூட்டரில், கோடுகளாலேயே விண்வெளிக் கப்பல் வரைந்து அதைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டியவர். இருவரும் சந்தித்தார்கள். சேர்ந்து செய்யலாம் என்று முடிவானது.

சுட்டால் போதுமா?

அந்தக் காலத்து வீடியோ கேம் எப்படி இருக்கும்? காசு போட வேண்டும். 3 உயிர் கிடைக்கும். சுட வேண்டும். செத்தால் மறுபடி காசு போட வேண்டும். கடைக்காரர் கல்லா நிரம்ப வேண்டுமானால், ஆடுகிறவர் சீக்கிரம் சாக வேண்டும். அதுதான் தொழில் ரகசியம்.

ஆனால் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் காசு போடத் தேவையில்லை. அப்படி இருந்தும், வீட்டுக்கு என்று வந்த கேம்களும் அதே 3 உயிர்க் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

பெல்லும் பிராபெனும் முதலில் நினைத்தது வெறும் விண்வெளிச் சண்டை. செய்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே சலித்துவிட்டது. "சுட்டுவிட்டால் அப்புறம் என்ன?" என்ற கேள்வி வந்தது.

அங்கேதான் திருப்பம். சுட்டால் பணம் வரட்டும். பணம் வந்தால் நல்ல பீரங்கி வாங்கட்டும். பணம் சம்பாதிக்க வியாபாரம் செய்யட்டும். வியாபாரம் செய்ய ஊர் ஊராகப் போகட்டும். ஒன்றைப் பிடித்து இன்னொன்று வளர்ந்தது.

கையில் 100, கப்பல் ஒன்று

கேம் தொடங்கும்போது ஆடுகிறவர் கையில் 100 "கிரெடிட்" பணம் இருக்கும். "கோப்ரா மார்க் 3" என்ற கப்பல் ஒன்று இருக்கும். நிற்கிற இடம் "லேவ்" என்ற கிரகத்தின் விண்வெளி நிலையம்.

அவ்வளவுதான்! இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல ஆள் கிடையாது. ஜெயித்துவிட்டாய், முடிந்துவிட்டது என்று சொல்லவும் ஆள் கிடையாது.

கப்பலில் 20 டன் சரக்கு ஏற்றலாம். லேவ் விவசாயக் கிரகம். அங்கே தானியம் மலிவு. அதை வாங்கிக்கொண்டு தொழிற்சாலைகள் நிறைந்த "ஜாவோன்ஸ்" கிரகத்துக்குப் போனால் நல்ல விலை. திரும்பி வரும்போது வெறும் கப்பலாக வரலாமா? அங்கே மலிவாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர்களை ஏற்றி வந்து இங்கே விற்கலாம். மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்கிற எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும்.

ஒரே தாவலில் 7 ஒளி ஆண்டு தூரம்தான் போக முடியும். அதற்குமேல் எரிபொருள் தாங்காது. போகிற வழியில் கொள்ளையர் காத்திருப்பார்கள். சரக்கோடு கப்பலும் போய்விடும். உயிரும் போய்விடும்.

போலீஸ் துரத்தும்!

நேர்மையாக வியாபாரம் செய்தால் லாபம் மெதுவாகத்தான் வரும். சரக்குப் பட்டியலில் வேறு சில அயிட்டங்களும் உண்டு. போதைப் பொருள், துப்பாக்கி, அடிமைகள்!

இவற்றை ஏற்றலாம், தடை இல்லை. ஆனால் ஏற்றிக்கொண்டு நிலையத்தை விட்டுக் கிளம்பினால், ஆளின் பெயர் குற்றப் பதிவேட்டில் ஏறிவிடும். முதலில் "சுத்தமானவர்". பிறகு "குற்றம் செய்தவர்". கடைசியில் "தேடப்படும் ஆசாமி". அந்த நிலைக்கு வந்துவிட்டால் "வைப்பர்" என்ற போலீஸ் கப்பல்கள் கண்ட இடத்தில் சுடும்.

தப்பிக்கவும் வழி வைத்திருந்தார்கள். உயிர் காக்கும் பெட்டி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால், சண்டையில் அதில் ஏறி வெளியே குதிக்கலாம். புதுக் கப்பல் கிடைக்கும். பழைய கேஸ் எல்லாம் ரத்து! ஆனால் ஏற்றியிருந்த சரக்கு அத்தனையும் அம்போ!

இந்த வழிதான் நல்லது, அந்த வழி கெட்டது என்று கேம் போதனை செய்யவில்லை. ஆடுகிறவர் எந்த ரகம் என்பதை அவரே தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டார்கள். அந்த நாளில் இது பெரிய புதுமை.

இடம் இல்லை, இடம் இல்லை!

இவ்வளவையும் எதற்குள் அடைத்தார்கள்? அதுதான் அதிசயம்.

பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக இந்தக் கேமை எழுதினார்கள். பி.பி.சி. நிறுவனம் ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கத் திட்டம் போட்டபோது, அதற்காக கேம்பிரிட்ஜின் அக்கார்ன் கம்பெனி 1981-ல் வெளியிட்ட யந்திரம் அது. அதன் மொத்த நினைவகம் 32 கே.பி. திரையில் படம் காட்ட ஒரு பங்கு போய்விடும். யந்திரம் தன் சொந்த வேலைக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். கேமுக்கு மிஞ்சியது சுமார் 22 கே.பி.

இன்று செல்போனில் சாதாரணமாக எடுக்கும் ஒரே ஒரு போட்டோ, இதைப்போல நூறு மடங்கு இடம் பிடிக்கும்!

மாணவர்கள் ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினார்கள். 4 கட்டளையில் செய்த வேலையை 3 கட்டளையில் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். மிச்சம் பிடித்த இடத்தில் இன்னொரு கப்பலை நுழைத்தார்கள். சுமார் 2 ஆண்டு காலம் இதே வேலை.

திரையிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். கோடுகள் நுணுக்கமாகத் தெரிய வேண்டுமானால் கலர் கிடையாது. கலர் வேண்டுமானால் நுணுக்கம் போய்விடும். யந்திரத்தின் சட்டம் அப்படி. என்ன செய்தார்கள்? டி.வி. திரையில் படம் மேலிருந்து கீழே வரி வரியாக விழுகிறது அல்லவா? மேல்பகுதி முடிந்ததும், கண் மூடித் திறப்பதற்குள் யந்திரத்தை வேறு முறைக்கு மாற்றிவிட்டார்கள். மேலே நுணுக்கமான விண்வெளி. கீழே கலரில் கருவிப் பலகை. ஒரு விநாடிக்கு 50 தடவை இந்த மாற்றம் நடந்தது!

6 எண்ணில் அண்டம்

2,048 கிரகங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சி முறை, ஜனத்தொகை, விலைவாசி. இதை எல்லாம் எழுதி வைத்தால் 22 கே.பி. எந்த மூலைக்கு? எழுதியே வைக்கவில்லை!

இந்த வித்தை கணக்கு வாத்தியார் வித்தை. 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் எண் வரிசை ஒன்று உண்டு. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வந்துவிடும். பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். தொடக்கமும் விதியும் தெரிந்தால் போதும்.

இவர்கள் 3 எண்களை வைத்துக்கொண்டார்கள். அவற்றைச் சேமிக்க வெறும் 6 பைட் இடம் போதும். மூன்றையும் கூட்டினால் அடுத்த எண். அந்த எண்ணின் ஒரு துண்டு, கிரகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். இன்னொரு துண்டு, அங்கே நடப்பது ஜனநாயகமா, சர்வாதிகாரமா என்று சொல்லும். வேறொரு துண்டு, இரண்டிரண்டு எழுத்தாகக் கோத்துப் பெயர் வைக்கும். ஆட்சியே இல்லாத "ரீட்குவாட்" கிரகம் உருவானதும் இப்படித்தான். அங்கே கொள்ளையர் தொல்லை அதிகம்.

இது சீட்டுக் குலுக்கல் அல்ல. கணக்கு எப்போதும் ஒரே விடைதான் தரும். அதனால் எந்த வீட்டில் ஆடினாலும் லேவ் அதே லேவ்தான்!

ஒரு நட்சத்திர மண்டலத்துக்கு 256 கிரகங்கள். அந்த 6 பைட்டுகளையும் ஒரு திருகு திருகினால் அடுத்த மண்டலம் தயார். 8 தடவை திருகினால் மறுபடி முதல் இடத்துக்கே வந்துவிடும். அதனால் மண்டலங்கள் மொத்தம் 8.

மாணவர்களின் ஆசை இன்னும் பெரிது. இந்த முறையில் 2 கோடியே 81 லட்சம் கோடி மண்டலங்கள் வரை போக முடியும். வெளியீட்டாளர்கள்தான் வேண்டாம் என்றார்கள். அவ்வளவு பெரிதாகக் காட்டினால், "எல்லாம் வெறும் கணக்கு" என்ற குட்டு உடைந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரு மண்டலத்தில், கணக்கு தானாகவே ஒரு கிரகத்துக்குக் கெட்ட வார்த்தையைப் பெயராக வைத்துவிட்டது! அந்த மண்டலத்தையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு எண்ணில் தொடங்கினார்கள்.

திருப்பி அனுப்பினார்கள்

கேமை முதலில் "தார்ன் இ.எம்.ஐ." கம்பெனியிடம் கொண்டுபோனார்கள். கம்பெனி ஏற்கவில்லை. 3 உயிர் எங்கே? ஸ்கோர் எங்கே? 10 நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டாமா? இவைதான் அவர்கள் சொன்ன குறைகள்.

எவை இல்லை என்று கம்பெனி குறை சொன்னதோ, அவை இல்லாததுதான் கேமின் பலம். மாணவர்கள் மாற்ற மறுத்துவிட்டார்கள். அதே கேமை எடுத்துக்கொண்டு, அக்கார்ன் கம்பெனியின் கிளையான "அக்கார்ன்சாஃப்ட்" வாசலில் போய் நின்றார்கள். அங்கே கதவு திறந்தது.

பெட்டியும் சாதாரணப் பெட்டி அல்ல. தடிமனான விளக்கப் புத்தகம், கப்பல்களை அடையாளம் காட்டும் படம், ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் என்ற நாவலாசிரியர் எழுதிய குறுநாவல் எல்லாம் உள்ளே இருந்தன.

பி.பி.சி. மைக்ரோவுக்கும் அதன் தம்பி எலெக்ட்ரானுக்கும் சேர்த்து ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. மற்ற கம்ப்யூட்டர்களுக்கான உரிமையை மாணவர்கள் விட்டுக்கொடுக்காமல் கையில் வைத்திருந்தார்கள். அதை வாங்கியது யார் தெரியுமா? டெலிபோன் கம்பெனியான பிரிட்டிஷ் டெலிகாமின் கேம் பிரிவு, "ஃபயர்பேர்ட்"!

1985-ல் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது ஒரு கூத்து. திருட்டுப் பிரதியைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் கொடுத்தார்கள். அதன் வழியாகத் திரையைப் பார்த்தால்தான் ரகசிய எழுத்து தெரியும். சில பெட்டிகளில் வேறு கேமுக்கான லென்ஸைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வெளியே, திருட்டுப் பிரதிக்காரர் உள்ளே என்று ஆகிப்போனது!

ஏன் விடமாட்டேன் என்கிறது?

முதல் காரணம், கஷ்டம். விண்வெளி நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் சின்ன வாசலுக்கு நேராகக் கப்பலையும் சுழற்றி உள்ளே நுழைய வேண்டும். சரக்கு நிறைய லாபத்தோடு வந்து, கடைசி விநாடியில் வாசல் சுவரில் மோதிச் சிதறியவர்கள் கணக்கில் அடங்கார். காசு சேர்த்துத் தானியங்கிக் கருவி வாங்கும் நாள் வந்தால், அது திருநாள்.

இரண்டாவது, பட்டம். "ஹார்ம்லெஸ்", அதாவது யாருக்கும் தீங்கு செய்யத் தெரியாத அப்பாவி என்பது தொடக்கப் பட்டம். 6,400 எதிரிகளை வீழ்த்தினால்தான் "எலைட்" பட்டம். ஒரு நாளில் வராது. ஒரு மாதத்திலும் வருவது கஷ்டம்.

மூன்றாவது, கற்பனை. திரையில் இருப்பது வெறும் கோடு. மீதியை ஆடுகிறவர் மனசே நிரப்பிக்கொண்டது. விளக்கப் புத்தகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்யும் ராட்சதக் கப்பல்கள் பற்றி எழுதியிருந்தார்கள். கேமில் அவை கிடையவே கிடையாது. ஆனாலும் தேடினார்கள்! குறுநாவலில் வரும் "ராக்ஸ்லா" என்ற மர்ம இடத்தையும் விடவில்லை. 2014-ல் வந்த புதிய பதிப்பிலும் அதைத் தேடி அலைந்தார்கள்.

பிறகு என்ன ஆனது?

கூட்டு நீடிக்கவில்லை. பின்னாளில் இருவருக்கும் கருத்து வேற்றுமை வந்து பிரிந்தார்கள். பெல் பழைய பதிப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார். பிராபென் சொந்தக் கம்பெனி நடத்தினார். 1993-ல் "ஃபிரான்டியர்" என்ற இரண்டாம் பாகம் வந்தது.

2012-ல் பிராபென் ஜனங்களிடமே நேரடியாகப் பணம் கேட்டார். பழைய ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். சேர்ந்த தொகை 15 லட்சம் பவுனுக்கு மேல். அதைக்கொண்டு தொடங்கிய "எலைட் டேஞ்சரஸ்" 2014-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. அதில் நட்சத்திரங்கள் 40 ஆயிரம் கோடி! அதிலும் லேவ் உண்டு.

மாணவர்கள் ஏழை யந்திரத்தில் கற்ற பாடம் பிராபெனுக்கு மறக்கவில்லை போலும். சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் எழுதப் பழகுவதற்காக மலிவு விலை "ராஸ்பெரி பை" யந்திரத்தைக் கொண்டுவந்த அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

2016-ல் வேறொரு இங்கிலாந்து கம்பெனி வெளியிட்ட "நோ மேன்ஸ் ஸ்கை" கேமிலும் எண்ண முடியாத கிரகங்கள். அவற்றையும் யாரும் எழுதி வைக்கவில்லை. கணக்கே போட்டுக் கொடுக்கிறது.

10 நிமிடத்தில் முடிய வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை!