விரிப்பின் ஓரம்: சிறு அடுக்குத்தையல் வேலைகளுக்கு எந்த ஓரத்தையல் ஏற்றது?

நினைவாற்றல் குன்றிய முதியோர் பலரின் விரல்கள் ஓயாமல் எதையேனும் தேடிக்கொண்டிருக்கும். முந்தானையைச் சுருட்டும்; போர்வையின் நூலைப் பிரிக்கும்; சில வேளைகளில் கையில் மருந்தேற்றும் குழாயையும் இழுக்கும். அக்கைகளுக்கு வேலை தரும் பொருட்டு, மடியில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு விரிப்பொன்றைத் தைத்துத் தருமாறு குடும்பத்தினரிடம் நாங்கள் கூறுவது வழக்கம். மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, கீழே ஒரு துணி என மூன்றையும் ஓட்டுத் தையலால் பிணைத்தால் விரிப்பு ஆயிற்று.

மகள் ஒருவர் தம் தாயாரின் பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டு அத்தகைய விரிப்பைத் தைத்து வந்தார். உறைபோலத் தைத்துப் புரட்டும் எளிய முறையை அவருக்குச் சொல்லித் தந்தவர்கள் நாங்களே. மூன்றாம் வாரத்தில், புரட்டுவதற்காக விட்டுப் பின்னர் கையால் மூடிய இடத்தைத் தாயாரின் விரல்கள் கண்டுகொண்டன. தையல் பிரிந்தது. உள்ளிருந்த செயற்கைப் பஞ்சைப் பிய்த்து அவர் வாயில் இட்டுக்கொள்வதை மகள் உரிய நேரத்தில் கண்டார். நல்லவேளையாகத் தீங்கு நேரவில்லை. பிழை மகளுடையதன்று; எந்த ஓரம் யாருக்கு ஏற்றது என்று கூறாமல் விட்டது எங்கள் பிழை. அதனைச் சரிசெய்யவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஓரம் ஏன் முதலில் நைகிறது?

வெட்டப்பட்ட மூன்று துணிகளின் விளிம்புகளும் ஓரத்தில்தான் சந்திக்கின்றன. இழுக்கும் கை பற்றுவதும், கட்டில் கம்பியில் உராய்வதும், சலவையில் அலைப்புண்பதும் அவ்விடமே. ஆகவே நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே ஓரம் பிரிந்து விரிப்பு பயனற்றுப் போகும்.

இதனைக் கைத்தொழிலில் தேர்ந்தோர் நன்கறிவர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணிகளால் தைக்கும் ‘கவந்த்’ விரிப்பில், தையல் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லும். நான்கு மூலைகளிலும் பல அடுக்குகளாக மடித்த முக்கோணத் துணிகளை வைத்துத் தைப்பர். அவை இல்லாத விரிப்பு ஆடையற்றது போன்றது என்பது அவர்கள் கருத்து.

நான்கு முறைகள்

முதலாவது, இரட்டை மடிப்பு ஓரப்பட்டை. 2½ அங்குல அகலமுள்ள துணிப்பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, விரிப்பின் முன்புறத்தில் தைத்து, பின்புறம் திருப்பி மீண்டும் தைப்பது. விளிம்பின்மேல் துணி இரண்டு அடுக்காக அமைவதால் வெளியடுக்கு நைந்தாலும் உள்ளடுக்கு காக்கும். அடிக்கடி சலவைக்குச் செல்லும் பொருளுக்கும், ஓயாமல் இழுக்கும் கைகளுக்கும் இதுவே ஏற்றது. ஓரம் சற்றுத் தடிப்பாக இருக்கும் என்பது இதன் குறை.

இரண்டாவது, ஒற்றை மடிப்பு ஓரப்பட்டை. பட்டையின் அகலம் ஏறத்தாழ 1½ அங்குலம் போதும். ஓரம் மெல்லியதாக அமையும். ஆனால் விரைவில் நையும். குவளைக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்பு, கண்ணாடி உறை போன்றவற்றுக்குப் பொருந்தும்.

மூன்றாவது, கீழ்த்துணியையே ஓரமாக்குவது. கீழ்த்துணியை நான்கு பக்கமும் 1 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அதனை இருமுறை மடித்து முன்புறம் கொணர்ந்து தைக்க வேண்டும். தனியே பட்டை வெட்ட வேண்டியதில்லை; இணைக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் கையாலேயே தைத்து முடிக்கலாம். ஓரம் நைந்தால் புதுப்பட்டை வைத்து மாற்றுவது மட்டும் கடினம்.

நான்காவது, மேலே கூறிய உறைமுறை. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்துச் சுற்றிலும் தைத்து, 4 அங்குல இடைவெளி வழியே புரட்டி, இடைவெளியை மூடுவது. ஓரம் தட்டையாகவும் மென்மையாகவும் இருக்கும். கீமோ போர்ட் பொருத்தியவர்கள் காரின் இருக்கைப்பட்டை உறுத்தாதிருக்க அதன்மேல் சுற்றிக்கொள்ளும் சிறு மெத்தைக்கு இதனைக் காட்டிலும் சிறந்தது இல்லை. மூடிய பின் விளிம்பை ஒட்டி முழுச் சுற்றும் ஒருமுறை தைப்பது கட்டாயம். நூலைப் பிரிக்கும் பழக்கமுடையவர்களுக்கு இம்முறை வேண்டாம்.

யாருக்காகத் தைக்கிறீர்கள்?

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், எவருடைய கையில் அல்லது உடலில் அது படும் என்று எண்ணிப் பாருங்கள்.

குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர் மீது வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் போடும் துணி கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டியது. அதன் அளவையும் அதற்கான அனுமதியையும் வார்டு செவிலியரிடம் முதலில் கேளுங்கள். தொங்கும் நூல் ஒன்றுகூட இருக்கலாகாது. நூல் குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் இத்தகைய விரிப்பை வைக்க வேண்டாம்.

படுக்கையில் தாமாகப் புரள இயலாதவரின் உடலுக்கு அடியில் எந்த ஓரப்பட்டையும் வரலாகாது. மடிப்பின் தடிப்பு ஒரே இடத்தில் அழுத்திப் படுக்கைப்புண்ணுக்கு வழிவகுக்கும். அவர்களுக்கு விரிப்பு மேலே மட்டுமே இருக்கட்டும்.

தைப்பவரின் கைகள்

நோயாளர் தாமே தைக்க விரும்பினால் மகிழ்ச்சியே. எனினும் சில புற்றுநோய் மருந்துகள் விரல்களை மரத்துப் போகச் செய்யும். ஊசி குத்தியது உடனே தெரியாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சிறு குத்தும் தொற்றுக்கு வாயிலாகலாம். அந்நாட்களில் ஊசியை ஒதுக்கிவைத்து, துணித் துண்டுகளின் நிறங்களை இணைத்துப் பார்க்கும் வேலையைச் செய்யலாம். மார்பக அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள் அந்தக் கையில் ஊசி படாதவாறு அங்குஸ்தான் அணிந்து தைக்க வேண்டும். தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டுவலி உடையவர்க்குக் கூர்மூலைகளை மடிப்பது சிரமம். சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வரைந்து மூலைகளை வட்டமாக வெட்டிக்கொண்டால் மடிக்கும் வேலையே இல்லை. ஆனால் வளைவில் நேராக வெட்டிய பட்டை சுருக்கமிடும். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும், மூலைவாட்டில் வெட்டிய பட்டையே படியும். அப்பட்டையில் இழைகள் விளிம்பைச் சாய்வாகக் கடப்பதால் தேய்மானம் பல இழைகளுக்குப் பகிரப்படும். நேராக வெட்டிய பட்டையிலோ விளிம்பில் ஓடும் ஓரிரு இழைகள் அறுந்தாலே நீளவாக்கில் பிளந்துவிடும்.

இரட்டை மடிப்பு: செய்முறை

12 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் உள்ள விரிப்பின் சுற்றளவு 60 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்கும் 10 அங்குலம் கூட்டி 70 அங்குலப் பட்டை வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு பட்டைகள் வெட்டினால் போதும். துணியை வெட்டும் முன்பே நனைத்து உலர்த்துங்கள். இல்லையெனில் பட்டை மட்டும் பின்னர் சுருங்கி ஓரம் நெளியும். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மடித்த பட்டையின் திறந்த விளிம்பை விரிப்பின் விளிம்போடு சேர்த்து, ¼ அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். மூலைக்கு ¼ அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, மீண்டும் கீழ்நோக்கி மடித்து, அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பின்புறம் திருப்பியபின் இயந்திரத் தையல் இடுவதே நல்லது. கையால் இடும் மறைதையல் அழகானது. இழுக்கும் விரல்களுக்கு முன் அது நீடிப்பதில்லை.

மருத்துவமனைச் சலவைக்கு அனுப்பும் துணிகளை 71 பாகை செல்சியசு வெந்நீரில் 25 நிமிடம் வெளுப்பது உலகில் பல மருத்துவமனைகள் பின்பற்றும் அளவு. அதனைத் தாங்கப் பருத்தித் துணியும் உறுதியான நூலும் வேண்டும். முடிந்த விரிப்பைக் கொடுக்கும் முன், நான்கு பக்கங்களிலும் ஓரத்தை இரு கைகளாலும் பற்றி வலுவாக இழுத்துப் பாருங்கள். தையலுக்கு இடையே நகம் நுழையுமாயின் மீண்டும் தையுங்கள். வாரம் ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அந்த மகள் விரிப்பைப் பிரித்து, பஞ்சுக்கு மாறாக அதே சேலையின் இரு மடிப்புகளை உள்ளே வைத்து, சேலையின் கரையை ஒட்டிய பகுதியை இரட்டை மடிப்புப் பட்டையாக்கி மீண்டும் தைத்தார். தாயார் இப்போதும் அவ்வோரத்தை நாள்தோறும் விரல்களால் வருடிக்கொண்டிருக்கிறார். பிரிக்க முயல்கிறார், பிரியவில்லை.