ஜீப்புக்கு அடியில் இணைகோடுகள்

சித்தேரி மலைப் பள்ளிக்கு நான் செல்லும் ஜீப்பில், கல் தட்டாமலிருக்கப் பின்பக்க வில்பட்டைக்கு நீளமான ஷாக்கிள் போட்டு உயர்த்தினார் ஓட்டுநர். அதன்பின் சமதளத்தில் வேகமெடுத்தாலே வண்டி அதிர்ந்தது. சக்கரத்தைத்தான் முதலில் சந்தேகித்தோம்.

காரணம் கிராஸ் ஜாயின்ட். சாய்வாகச் சுழலும்போது அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கோணம் சமமானால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டிவிடும். நாம் நடத்தும் பாடம்தான்: கியர்பாக்ஸ் தண்டும் பினியன் தண்டும் இணைகோடுகள், ஷாஃப்ட் குறுக்குவெட்டி, ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கோணமானியில் நூலும் கல்லும் கட்டி அளந்தேன். முன்னே 12 பாகை, பின்னே 9. ஷாக்கிள் நீண்டதால் பினியனின் மூக்கு உயர்ந்திருந்தது. எத்தனை பாகை ஆப்பு வேண்டுமென்று வகுப்பில் கேட்டேன், 3 என்றார்கள். மெக்கானிக் வில்பட்டைக்கும் அச்சுக்கும் இடையே அதையே வைத்தார். அதிர்வு அடங்கியது. விட்டிருந்தால் ஜாயின்ட் தேய்ந்து, ஏற்றத்தில் ஷாஃப்ட் கழன்றிருக்கக்கூடும்.

“இரண்டும் 30 பாகை என்றாலும் சரியா சார்?” என்றாள் ஒரு மாணவி. சரியில்லை; நடுவிலுள்ள ஷாஃப்ட் அப்போதும் சீராகச் சுழலாது.