இல்லாத நூலின் திரை வடிவம்

விரும்பிப் படித்த நாவல் திரைக்கு வரும்போது வாசகருக்கு ஏற்படும் ஏமாற்றம், 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வெளிவந்தபோது தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. மணிமேகலை படத்தில் இடம்பெறாததையும், சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று நாவலில் வெளிப்படும் திருப்பத்தைத் திரைக்கதை கைவிட்டதையும் பழைய வாசகர்களால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆயினும் அவர்களுக்கு ஒரு புகலிடம் இருந்தது. 1950களில் வார இதழில் தொடராக வந்து, பின்னர் தலைமுறை தலைமுறையாக அச்சில் நிற்கும் ஐந்து பாகங்களையும் எடுத்து மீண்டும் படித்தால், திரை பறித்ததை நூல் திருப்பித் தந்துவிடும். அத்தகைய புகலிடம் இல்லாத ஏமாற்றம் ஒன்று கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

2018 டிசம்பர் 21 அன்றும் 2022 ஏப்ரல் 14 அன்றும் இரண்டு பாகங்களாக வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ படம், தடை செய்யப்பட்ட ஒரு நூலில் உள்ள கதையாகத் தன்னை முன்வைக்கிறது. பத்திரிகையாளர் ஒருவர் எழுதியதாகப் படம் கூறும் அந்நூல் உலகில் எங்கும் இல்லை. அதுவும் திரைக்கதையின் கற்பனையே. அதில் வரும் நராச்சி என்ற சுரங்கமும், 1951இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்படுவதும், உயர்ந்த மதிலுக்குள் அடைபட்ட அடிமைகளை மும்பையிலிருந்து வரும் ஒற்றை நாயகன் மீட்பதும் அவ்வாறானவையே. ஆனால் படத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் கற்பனை அன்று. சைனைடு மேடுகள், அதாவது பொடியாக்கிய பாறையிலிருந்து சைனைடு கரைசலின் உதவியால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கழிவு மணல் மலைபோல் குவிக்கப்பட்ட இடங்கள், படத்தில் உண்மையாகவே படமாக்கப்பட்டவை. ஊரின் பெயரும் ஊரின் மண்ணும் மெய்யாக இருக்க, ஊரின் வரலாறு மட்டும் புனைவாக அமைந்தது என்பதே ஊராரின் மனக்குறை.

படம் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கூறும் 1951ஆம் ஆண்டில், தங்கவயலின் நவீனச் சுரங்கத் தொழில் தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித் தமிழர்கள், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரகம் முதலிய பகுதிகளில், வரிசையாகக் கட்டப்பட்டதால் ‘லைன்’ எனப்பட்ட குடியிருப்புகளில் வாழ்ந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கங்களில் இறங்கினார்கள். அவ்வளவு ஆழத்தில் தாதுவை வெட்டி எடுக்கும்போது, மேலுள்ள நிலத்தின் எடையால் அழுத்தப்பட்டிருக்கும் பாறை திடீரெனச் சிதறுவதைப் பாறை வெடிப்பு என்பார்கள். அது எப்போது நிகழும் என்பதை யாராலும் உறுதியாகக் கூற முடியாது. அதில் தப்பியவர்களில் பலரை, பாறைத்தூள் நுரையீரலில் படிந்து மூச்சைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் சிலிகோசிஸ் நோய் பிடித்துக்கொண்டது. இவற்றைவிட அச்சமூட்டும் வில்லன் எந்தத் திரைக்கதைக்கும் தேவைப்படாது.

வியப்புக்கும் அங்கே குறைவில்லை. சிவனசமுத்திர அருவியில் உண்டாக்கிய மின்சாரம் 1902இல் நெடுந்தொலைவு கடந்து வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான். எப்பொருளையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகள், வளிமண்டலத்தில் உருவாகிப் பூமிக்குள் வருவதை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்று, 1965இல் இதே ஊரின் நிலத்தடியில் நடந்தது.

படத்தின் மீதான மிக ஆழமான மனக்குறை, மீட்பு வெளியிலிருந்து வந்ததாகக் காட்டப்பட்டதில் இருக்கிறது. தொழிலாளர்களிடம் கட்டாயமாகக் கைரேகை பதியும் முறைக்கு எதிராக 1930இல் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அதை நடத்தியவர்கள் கீழே இறங்கி உழைத்தவர்களே. அதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் தமிழ்ப் பௌத்தர்களின் சங்கம் இயங்கியது. 1907இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தமிழன்’ இதழ், அதைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், 1926 முதல் தங்கவயலில் இருந்து வெளிவந்தது. பத்திரிகை நடத்தி, சாதியை எதிர்த்து வாதிட்ட ஒரு சமூகத்தைத் திரையில் வாயற்ற கூட்டமாகப் பார்க்க நேரும் வேதனை, பாத்திரம் ஒன்று விடுபட்டதால் நாவல் வாசகர் அடையும் வருத்தத்தைவிடப் பெரியது. அமெரிக்கக் கற்பனை நாவல் வரிசையான ‘எர்த்சீ’, 2004இல் தொலைக்காட்சித் தொடராக்கப்பட்டபோது, செம்பழுப்பு நிறத்தவனாகப் படைக்கப்பட்ட நாயகன் வெள்ளையனாக்கப்பட்டதை அதன் ஆசிரியரே வெளிப்படையாகக் கண்டித்தார். யாருடைய கதை என்பதை மாற்றிவிட்டார்கள் என்பதே அவருடைய குறையின் சாரம். தங்கவயலின் குறையும் அதுவே.

படம் வந்த பிறகே ஊரின் பெயர் உலகறிந்தது என்று மகிழ்வோரும் ஊரில் உண்டு. 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ‘தங்கலான்’, வட ஆர்க்காட்டு மக்கள் தங்கம் தேடிப் புறப்பட்டதைக் கதையாக்கியதால் இக்குறையை ஓரளவு தீர்த்தது எனலாம். எனினும் தங்கத்தைக் காக்கும் மாயப் பெண்ணைச் சுற்றி நகரும் அப்படமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நின்றுவிட்டது. ஆழ்சுரங்கத்தின் நூற்றிருபது ஆண்டு வாழ்க்கைக்குள் அது நுழையவில்லை.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது காலத்தைப் பற்றியது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அன்று இருபத்தைந்து வயதில் கீழே இறங்கிக்கொண்டிருந்தவரும் இன்று ஐம்பதைத் தொட்டுவிட்டார், அவருக்கு மூத்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குச் செல்லும் அவர்களுடைய பிள்ளைகளிடம், எந்த ஊர் என்று கேட்பவர் அடுத்ததாகக் கேட்பது அந்தப் படத்தைப் பற்றித்தான். பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால், பாட்டனார் எந்த ஷாஃப்டில், அதாவது ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கும் எந்தச் செங்குத்துக் குழியில், இறங்கினார் என்பதை அறியாத பேரன், நராச்சியின் மதிலையே குடும்ப வரலாறாக நம்பக்கூடும். நாவலின் வாசகருக்கு மூலம் எது, தழுவல் எது என்று தெரியும். இந்தப் பேரனின் கையில் ஒப்பிட்டுப் பார்க்க மூலமே இருக்காது.

ஆகவே பேரன் கையில் தரத்தக்க நூலை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். தங்கவயலில் அச்சான ‘தமிழன்’ இதழ்கள், 1930 வேலைநிறுத்தம் பற்றிய பதிவுகள், ஒவ்வொரு லைனிலும் பாறை வெடிப்பில் இறந்தவர்களின் பெயர்கள், கீழே இறங்கியவர்களின் வாய்மொழி ஆகிய நான்கும் அதற்குப் போதுமான தொடக்கம். முதல் மூன்றை ஐந்தாண்டு கழித்தும் தேடலாம். நான்காவது இந்த ஆண்டே பதிவாக வேண்டியது.