ஈரக்காற்றுக்கு ஆகாத வில்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருட்டாலைகளுக்குக் குறைவில்லை. பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டி உருளைகளுக்கு நடுவே நுழைந்து கம்பியாக வெளியே வரும் இடம் அது. அங்கே போய் நின்றுகொண்டு, எஃகைவிட மாட்டுக்கால் நரம்பு நல்ல ஸ்பிரிங் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

பொருள் அறிவியலாளர் ஜே. இ. கார்டன் 1978இல் வெளியிட்ட நூலில் ஒரு அட்டவணை உண்டு. ஒரு கிலோ ஸ்பிரிங் எஃகு, கெட்டுப்போகாத அளவுக்கு இழுபட்டால் சேமித்துவைக்கும் ஆற்றல் சுமார் 130 ஜூல். இங்கிலாந்தில் வில்லுக்குப் பேர்போன யூ மரம் 900 ஜூல். கொம்பு 1,500. தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் வெள்ளை வார், கறிக்கடையில் நரம்பு என்று சொல்லி ஒதுக்கிப்போடுவது, 2,500. ஐம்பது கிலோ அரிசி மூட்டையை 2,500 ஜூல் ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். 130 ஜூலால் அதே மூட்டை ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே எழும்பும், அவ்வளவுதான்.

இந்த நரம்பை மரவில்லின் முதுகில் ஒட்டிக் குட்டை வில் செய்யும் கலை மத்திய ஆசியாவிலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் வளர்ந்தது. குட்டையாக இருந்தால் என்ன லாபம்? குதிரைமேல் இருந்து எய்யலாம், புதருக்குள் நுழையலாம். ஆனால் மரம் மட்டும் இருந்தால் குட்டை வில் உடைந்துவிடும். வில் வளையும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முதுகு நீள்கிறது, அவரைப் பார்த்த வயிறு சுருங்குகிறது. எவ்வளவு நீளும் என்று அறிய, வில்லின் தடிமனை அது வளையும் வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் போதும். 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில் ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு வளைந்தால், முதுகு நூற்றுக்கு ஒன்று நீள்கிறது. பெரும்பாலான மரங்களுக்கு அதுவே எல்லை. ஒரு மீட்டர் விட்டத்துக்கு வளைத்தால் ஒன்றரை சதவீதம். மரம் சிராய் எழும்பிப் பிளக்கும். அதனால்தான் வெறும் மரவில்லுக்கு ஆள் உயரம் தேவைப்படுகிறது. நரம்போ எட்டு சதவீதம் வரை நீண்டு, திரும்பவும் பழைய அளவுக்கு வரும்.

செய்முறை எளிமையானது, பொறுமையைத்தான் கேட்கும். நரம்பை நிழலில் காயவைத்தால் மஞ்சள் கண்ணாடிபோல விறைத்துவிடும். அதை வழவழப்பான கல்மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டத் தட்ட, உள்ளே ஒரே திசையில் படுத்திருக்கும் இழைகள் பிரிந்து வெள்ளை நாராக வரும். 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி நரம்பை வாயில் போட்டு மென்றே பிரித்தார். அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் அந்தச் செய்முறையை எழுதிவைத்ததால்தான் இன்று நமக்கு அது தெரிகிறது.

அடுத்தது பசை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வது இதற்குச் சரியான பொருள். தோலையும் நரம்பையும் தண்ணீரில் காய்ச்சி வடித்ததுதான் வஜ்ஜிரம். நரம்பின் இழை கொலாஜன் என்ற புரதம். அதே கொலாஜன் சூட்டில் அவிழ்ந்தால் பசை. அதாவது நரம்பை நரம்பாலேயே ஒட்டுகிறோம். காய்ந்த பிறகு எது இழை, எது பசை என்று பிரிக்க முடியாதபடி ஒரே பாளமாகிவிடும். பசையைக் கொதிக்கவிடக் கூடாது; கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். கொதித்தால் புரதம் மேலும் துண்டுபட்டுப் பிடிப்பு போய்விடும். மரத்தின் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, முதலில் நீர்த்த பசையைப் பூசி, பசையில் தோய்த்த நார்களை நீளவாட்டில் வரிசையாகப் படியவைப்பார்கள். இரண்டு நாரின் முனைகள் அக்கம்பக்கத்தில் ஒரே இடத்தில் வரக் கூடாது.

பிறகு காத்திருக்க வேண்டும், வாரக்கணக்கில். காய்கிற நரம்பு சுருங்குகிறது. சுருங்கும்போது வில்லையே முன்பக்கமாக இழுத்து வளைக்கிறது. நாண் ஏற்றாத வில், நாணை இழுக்கும்போது வளையும் திசைக்கு நேர்மாறாக வளைந்து நிற்கும். யாரும் தொடாமலேயே பாதி ஏற்றிய ஸ்பிரிங் தயார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மரம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு நசுங்கலைத் தாங்காது. முதுகில் நரம்பு அதிகமானால் வயிற்றுப் பக்கம் மரம் நொறுங்கி, குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். நரம்பு ஒட்டினால் வில் எத்தனை குட்டையாகவும் ஆகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆசிய வில்லாளிகள் கவனித்தார்கள். வயிற்றுப் பக்கம் எருமைக் கொம்புப் பட்டையை ஒட்டினார்கள். கொம்பு நான்கு சதவீதம் வரை நசுங்கி மீளும். முதுகில் நரம்பு, நடுவில் மரம், வயிற்றில் கொம்பு. துருக்கியரும் முகலாயரும் ஏந்திய வில் இதுதான்.

அப்படியானால் நம் பக்கம் மாடும் எருமையும் இருந்தும், இந்த வில் ஏன் வேரூன்றவில்லை? கும்மிடிப்பூண்டிக்கு நெருக்கத்தில் பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் வங்கக்கடல். காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. வஜ்ஜிரமும் நரம்பும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் தளரும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் வெளியே கிடந்தால் வில் தொய்ந்துபோகும், ஒட்டு விட்டுப்போனாலும் ஆச்சரியமில்லை. வறண்ட புல்வெளிகளில் பிறந்த இயந்திரம் அது. துருக்கியிலேயே போட்டிக்கு முன் வில்லைச் சூடான பெட்டியில் வைத்து உலர்த்தினார்கள். முகலாய விற்களுக்கு மேலே பட்டை சுற்றி வார்னிஷ் பூசினார்கள்.

அர்த்தசாஸ்திரம் வில்லுக்குச் சொல்லும் பொருள்கள் நான்கு: பனை, மூங்கில், மரம், கொம்பு. நரம்பும் அந்த நூலில் வருகிறது, ஆனால் நாண் திரிக்கும் பொருள்களின் வரிசையில், எருக்கு நாருக்கும் சணலுக்கும் பக்கத்தில். பனையும் எருக்கும் கும்மிடிப்பூண்டி சாலையோரத்திலேயே நிற்பவை. அலெக்சாண்டரோடு வந்தவர்களின் குறிப்பை வைத்து எழுதிய அர்ரியன், இந்திய வில் ஆள் உயரம் இருந்ததாகவும், அதைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி எய்ததாகவும் சொல்கிறார்.  ஒட்டே இல்லாத நீள வில்லை மழை அவ்வளவு எளிதில் கெடுக்காது.

வில் எவ்வளவு பழையது என்று தேடினால் மண்ணில் விடை எளிதில் கிடைக்காது. கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தவை கற்கருவிகள். மரமும் நரம்பும் நம் மண்ணில் மட்கிவிடும். ஈரமான இலங்கை மழைக்காட்டில் பாகியன்கல குகையிலும் வில் கிடைக்கவில்லை. சுமார் 48,000 ஆண்டுப் பழமையான எலும்பு அம்பு முனைகள் கிடைத்தன. முனைகளில் பதிந்த தேய்மானத் தடங்களைப் பார்த்து, அவை வில்லிலிருந்து பறந்தவை என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஈரக்காற்றுக்கு முகலாயர் காலத்து இந்தியாவில் இன்னொரு விடையும் கிடைத்தது: எஃகு வில். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கொம்பு வில்லின் வடிவத்திலேயே எஃகில் அடித்தார்கள். எடை அதிகம், அம்பின் வேகம் குறைவு. ஆனாலும் ஆயுதக் கிடங்கில் மழைக்காலத்திலும் கெடாமல் கிடக்கும், எடுத்தவுடன் எய்யலாம். மேலே கார்டன் அட்டவணையிலிருந்து சொன்ன நான்கில் கடைசியில் நிற்கும் பொருளை ஈரக்காற்று முன்னுக்குக் கொண்டுவந்தது. இப்போது விளையாட்டு விற்களில் நரம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவிட்டது. அதற்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

இருந்தும் ஒன்று செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்கள் மான் நரம்பைத் தேடிப் போக வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். மாட்டின் பின்னங்கால் நரம்பு போதும், ஆட்டுக்கால் நரம்பு நீளம் போதாது. மாசியில் ஒட்டினால் கோடை முழுக்க நிழலில் காயும். ஆவணிக்குள் எய்து பார்த்துவிட்டு, ஐப்பசிக்கு முன் நாணைக் கழற்றி, சின்னக் குண்டு பல்பு எரியும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.